அத்தியாயம் 4: பல்கலைக்கழகத்தின் பெயர் எதுவரை செல்லும்?

ஏ-லெவல் படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் முதலில் கேட்பது இதைத்தான்: ஆக்ஸ்ஃபோர்டோ கேம்பிரிட்ஜோ கிடைக்காவிட்டால் பாரிஸ்டர் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா? விதிப்படி பதில் சொல்வதானால் ஒரு வரி போதும். இங்கிலாந்து, வேல்ஸ் பாரிஸ்டர்களை நெறிப்படுத்தும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு, பட்டம் எந்த ஊர்ப் பட்டம் என்று தரம் பிரிப்பதில்லை. அங்கீகாரம் உள்ள பட்டம் வேண்டும். அதில் குறைந்தது டூ-டூ, அதாவது இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு வேண்டும். சட்டம் படிக்காமல் வேறு பாடம் படித்தவர் ஓராண்டு மாற்றுப் படிப்பு ஒன்றை முடித்தால் அவருக்கும் அதே தகுதி வந்துவிடுகிறது.

காந்தி 1891-இல் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் ஆனபோது அவரிடம் பல்கலைக்கழகப் பட்டமே கிடையாது. ஜின்னாவிடமும் கிடையாது. அந்தக் காலம் மலையேறிவிட்டது என்றாலும், பாரிஸ்டர் என்ற தகுதியைத் தருவது இன்றும் பல்கலைக்கழகம் அல்ல. லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நான்கு இன்கள், அதாவது பாரிஸ்டர் சங்கங்கள்தான் அதைத் தருகின்றன. பட்டம் முடித்து, ஒரு இன்னில் உறுப்பினராகி, பார் கோர்ஸ் தேறி, இன் நடத்தும் விருந்துகள், பயிற்சி அமர்வுகள் என விதித்த எண்ணிக்கையை நிறைவு செய்தால் உங்களைப் பாருக்கு அழைப்பார்கள். இதுவரை யாரும் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்படி அழைக்கப்பட்டவர் பெயரளவில்தான் பாரிஸ்டர். முழுத் தகுதியோடு கோர்ட்டில் நின்று கட்சிக்காரருக்காக வாதாட வேண்டுமானால் பியூப்பிலேஜ் என்ற ஓராண்டுப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். முதல் ஆறு மாதம் மூத்தவரின் நிழலாக இருப்பது, அடுத்த ஆறு மாதம் சொந்தமாகச் சிறு வழக்குகளை எடுப்பது. நெருக்கடி இங்கேதான். பார் கோர்ஸில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேருகிறார்கள். பியூப்பிலேஜ் இடங்கள் ஐந்நூறு, அறுநூறு என்ற அளவைத் தாண்டுவதில்லை. சேருவோரில் கணிசமானவர்கள் மலேசியா, வங்கதேசம், பாகிஸ்தான் என்று ஊர் திரும்பிவிடுவார்கள் என்பது உண்மை. ஆனால் முந்தைய ஆண்டுகளில் கிடைக்காமல் போனவர்களும் அதே வரிசையில் வந்து நிற்கிறார்கள். பார் கோர்ஸ் முடித்த ஐந்தாண்டுக்குள் பியூப்பிலேஜ் தொடங்கியாக வேண்டும் என்ற விதியும் இருப்பதால் எல்லோருக்கும் அவசரம்.

ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். பாரிஸ்டர் ஆவதற்குப் பெயர் வேண்டுமா என்பதல்ல, பியூப்பிலேஜ் விண்ணப்பத்தை முதலில் வாசிப்பவரின் மேசையில் அந்தப் பெயர் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

சட்டன் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையும் சமூக முன்னேற்ற ஆணையமும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூத்த நீதிபதிகளில் 71 சதவீதம் பேர் ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜில் படித்தவர்கள். 65 சதவீதம் பேர் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்தவர்கள். மூத்த நீதிபதிகளில் மிகப் பெரும்பாலோர் பாரிஸ்டராக இருந்து வந்தவர்கள் என்பதால், இந்த எண்ணைக் காட்டித்தான் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள்.

பயப்படுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர் பாருக்கு வந்தது எழுபதுகளிலோ எண்பதுகளின் தொடக்கத்திலோ இருக்கும். அன்று பியூப்பிலேஜுக்குச் சம்பளம் கிடையாது. பல இடங்கள் விளம்பரமே இல்லாமல், தெரிந்தவர் சொல்லி நிரம்பின. அப்பா பணம் அனுப்பினால்தான் ஓராண்டு தள்ள முடியும். இன்று குறைந்தபட்ச உதவித்தொகை கட்டாயம். இடங்களை வெளிப்படையாக விளம்பரம் செய்தாக வேண்டும். எனவே அந்த 71 சதவீதம் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய வாசலின் படம். இன்றைய வாசல் அதைவிட அகலம். எல்லோருக்கும் அகலம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தப் பழைய வாசலில் நடந்த ஒன்றைச் சொன்னால் விஷயம் விளங்கும். ஷெரி பூத் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் முதல் வகுப்பு வாங்கி, 1976-இல் பார் இறுதித் தேர்வில் முதலிடம் பிடித்தவர். அவர் பயிற்சி பெற்ற சேம்பரில், அதாவது பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகத்தில், கூடவே பயிற்சி பெற்றவர், ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டாம் வகுப்பு வாங்கிய, பின்னாளில் பிரதமரான டோனி பிளேர். அந்தச் சேம்பரில் நிரந்தர இடம் பிளேருக்குப் போனது. பூத் வேறு சேம்பருக்குப் போய், 1995-இல் குயின்ஸ் கவுன்சல் என்ற மூத்த பாரிஸ்டர் ஆனார். இடம் கைமாறியதற்குக் காரணம் ஆக்ஸ்ஃபோர்டா, ஆண் என்பதா, இரண்டுமா என்று இப்போது யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. பெயர் எப்போதும் தனியாக வேலை செய்வதில்லை, மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டுதான் செய்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

விண்ணப்பம் வாசிக்கப்படும் விதம்

பெரும்பாலான சேம்பர்கள் பியூப்பிலேஜ் கேட்வே என்ற பொது இணைய வாயில் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. நவம்பர் கடைசியில் விளம்பரங்கள் தெரியத் தொடங்கும், ஜனவரியில் விண்ணப்பிக்கலாம், மே மாதத்தில் முடிவு வரும். அதிகபட்சம் 20 இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு இடம் வைத்திருக்கும் சேம்பருக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவியும்.

அவற்றை வாசிப்பவர்கள் மனிதவளத் துறைக்காரர்கள் அல்ல, தொழில் செய்யும் பாரிஸ்டர்கள். பகலில் கோர்ட், மாலையில் மறுநாள் வழக்குக்கான கட்டு, அதற்குப் பிறகு உங்கள் விண்ணப்பம். பெரும்பாலும் இரண்டு பேர் தனித்தனியே வாசித்து மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் தாளில் அறிவுத்திறன், வாதத்திறன், இந்தத் தொழில்மீது உள்ள உண்மையான ஈடுபாடு, தாங்கும் திறன் என்ற மாதிரி நாலைந்து தலைப்புகள் இருக்கும். பல்கலைக்கழகப் பெயருக்கென்று தனிக் கட்டம் பெரும்பாலும் இருக்காது. அது அறிவுத்திறன் என்ற கட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு வரும்.

இரவு பத்து மணிக்கு நாற்பதாவது விண்ணப்பத்தை எடுக்கும் ஒருவருக்கு, நல்ல பல்கலைக்கழகத்தின் பெயர் ஒரு குறுக்குவழி. இந்தப் பிள்ளை ஒரு கடினமான தேர்வை ஏற்கெனவே தாண்டி வந்திருக்கிறது, இனி நான் அதிகம் சோதிக்க வேண்டியதில்லை என்று மனம் சொல்லிவிடும். ஜாதகம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக் கட்டிலிருந்து ஒதுக்கும் தரகரின் அவசரம் அது. சில சேம்பர்கள் இதை உணர்ந்து, முதல் வாசிப்பில் பல்கலைக்கழகப் பெயரை மறைத்துவிடுகின்றன. வேறு சில, விண்ணப்பதாரர் படித்த பள்ளியின் சராசரி, இலவச உணவு பெற்றாரா, பெற்றோர் பல்கலைக்கழகம் போனவர்களா என்பதையெல்லாம் கேட்டு, அந்தச் சூழ்நிலையில் அவர் வாங்கிய மதிப்பெண்ணை எடைபோடுகின்றன. அந்தக் கேள்விகள் வந்தால் வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். நம் வீடுகளில் பலர் கஷ்டத்தை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள். இங்கே சொல்லாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பெயர் செய்யும் வேலையை வேறு எதுவும் செய்யுமா? செய்யும். அறிவுத்திறன் கட்டத்துக்கு முதல் வகுப்பு, பாடத்தில் முதலிடம், கட்டுரைப் போட்டிப் பரிசு, இன் கொடுத்த ஸ்காலர்ஷிப் எல்லாம் சேர்த்துத்தான் மதிப்பெண். இவற்றில் இரண்டு உங்களிடம் இருந்தால் வாசிப்பவர் பல்கலைக்கழகப் பெயரைத் தேடிக் கண்ணை ஓட்ட மாட்டார். ஒன்றுமே இல்லாவிட்டால், மிஞ்சுவது பெயர் மட்டும்தான்.

அதனால்தான் நான் வகுப்பைப் பெயருக்கு முன்னே வைக்கிறேன். விதிப்படி டூ-டூ போதும் என்றேன். நடைமுறையில் பெரும்பாலான சேம்பர்கள் டூ-ஒன், அதாவது இரண்டாம் வகுப்பின் மேல்பிரிவுக்குக் கீழே பார்ப்பதில்லை. விசேஷ காரணம் இருந்தால் விளக்குங்கள் என்று ஒரு பெட்டி மட்டும் வைத்திருக்கும். டர்ஹமில் டூ-டூ வாங்குவதைவிட லெஸ்டரில் ஃபர்ஸ்ட் வாங்குவது எவ்வளவோ மேல். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு டூ-ஒன்னுக்கும் நடுத்தரப் பல்கலைக்கழக ஃபர்ஸ்டுக்கும் இடையில் என்றால் சேம்பருக்குச் சேம்பர் தீர்ப்பு மாறும். கிரிமினல் சேம்பரில் சமமாக எடுப்பார்கள். கமர்ஷியல் சேம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் தராசு சாயும்.

எந்தப் பார்?

பார் என்பது ஒரே கட்டிடம் அல்ல. பிளாக்ஸ்டோன், பிரிக் கோர்ட், எசெக்ஸ் கோர்ட், ஃபவுண்டன் கோர்ட், ஒன் எசெக்ஸ் கோர்ட் போன்ற கமர்ஷியல் சேம்பர்களில் பியூப்பிலேஜ் ஆண்டுக்கு 75,000 பவுண்டுக்கும் மேல் கொடுப்பவை உண்டு. அங்கே இடம் பிடிப்பவர்களின் பட்டியலில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். சான்சரி (சொத்து, அறக்கட்டளை) வேலை, வரி, பொதுச்சட்டம் ஆகியவற்றின் உச்சியிலும் இதே கதை. இதை மழுப்பிச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். வேறு பல்கலைக்கழகத்தில் படித்தவர் நுழைவதே இல்லை என்பதல்ல. நுழைபவர் பெரும்பாலும் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவராக, அல்லது பின்னால் ஒரு பெரிய முதுகலைப் பட்டத்தைச் சேர்த்துக்கொண்டவராக இருப்பார்.

கிரிமினல், குடும்ப வழக்கு, குடியேற்றம், வீட்டு வாடகை, தொழிலாளர் வழக்கு பார்க்கும் சேம்பர்கள் வேறு உலகம். அங்கே நேர்முகத்தில் உங்களுக்கு ஒரு ஜாமீன் மனுவைக் கொடுத்து, பத்து நிமிடம் கழித்து எழுந்து பேசு என்பார்கள். பேசும்போது கல்லூரிப் பெயர் கூட வராது. லண்டனுக்கு வெளியே லீட்ஸ், மான்செஸ்டர், பர்மிங்காம், கார்டிஃப் சேம்பர்களுக்கு இன்னொரு கேள்வி முக்கியம்: நீ இந்த ஊரில் தங்குவாயா, இல்லை பயிற்சி முடிந்ததும் லண்டனுக்கு ரயில் ஏறிவிடுவாயா? லீட்ஸில் பிறந்து லீட்ஸ் பல்கலைக்கழகத்திலேயே படித்தவருக்கு அந்த இடத்தில் பெயர் ஒரு பலம். ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

யாரிடமும் கேட்காமல் இதை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்களுக்குப் பிடித்த சேம்பரின் இணையதளத்தைத் திறந்து உறுப்பினர் பட்டியலுக்குப் போங்கள். பாருக்கு அழைக்கப்பட்ட ஆண்டு வரிசையில் பெயர்கள் இருக்கும். மேலே இருக்கும் கிங்ஸ் கவுன்சல்களை (முன்பு குயின்ஸ் கவுன்சல்) விட்டுவிடுங்கள். அவர்கள் வேறு காலத்தவர்கள். பட்டியலின் அடிக்கு வந்து, கடைசியாகச் சேர்ந்த ஆறேழு பேரின் பக்கத்தைத் திறந்து, கல்வி என்ற பகுதியைப் பாருங்கள். ஏழு பேரில் ஆறு பேர் ஆக்ஸ்ஃபோர்டின் பி.சி.எல். என்ற முதுகலைச் சட்டப் பட்டம் பெற்றவர்கள் என்றால் அந்தச் சேம்பர் என்ன தேடுகிறது என்று தெரிந்துவிட்டது. எக்ஸெட்டர், கென்ட், குயீன் மேரி என்று கலந்திருந்தால் அதுவும் ஒரு செய்தி. அங்கேயே அவர்கள் சட்டத்துக்கு முன் என்ன வேலை பார்த்தார்கள், எந்த வாதப் போட்டியில் வென்றார்கள் என்பதும் எழுதியிருக்கும். இருபது இடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன் இருபது சேம்பருக்கும் இதைச் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இதைச் செய்யாமல் பெயர் கேட்ட சேம்பருக்கெல்லாம் விண்ணப்பித்துவிட்டு, பாகுபாடு என்று புலம்புவோரை நிறையவே பார்க்கலாம்.

பெரிய பெயர் தருவது என்ன?

பெரிய பல்கலைக்கழகம் தரும் உண்மையான லாபம் முத்திரை அல்ல, பழக்கம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் வாரந்தோறும் கட்டுரை எழுதி, ஒரு பேராசிரியர் முன் இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து, அவர் குடையும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டு இதைச் செய்தவருக்கு நீதிபதி குறுக்கிட்டால் கால் நடுங்காது. பியூப்பிலேஜ் நேர்முகமும் அதே வடிவம்தான். உங்கள் வாதத்தை உடைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் பிடிவாதம் பிடிக்கிறீர்களா, விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றுகிறீர்களா என்று கவனிப்பார்கள்.

இந்தப் பழக்கத்தை வெளியே சம்பாதிக்கலாம். முதலில் மூட்டிங், அதாவது கற்பனை மேல்முறையீட்டில் வாதாடும் போட்டி. உங்கள் பல்கலைக்கழகத்தில் மூட்டிங் சங்கம் செத்துக் கிடந்தால் அதை எழுப்புங்கள். விண்ணப்பத்தில் அது தனியாகவே ஒரு வரி. இரண்டாவது, 1972-இல் தொடங்கப்பட்ட ஃப்ரீ ரெப்ரசென்டேஷன் யூனிட். வேலை நீக்கம், அரசு உதவித்தொகை மறுப்பு போன்ற வழக்குகளில் வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக, பயிற்சி பெற்ற சட்ட மாணவர்களே தீர்ப்பாயத்தில் வாதாடலாம். ஒரு நோயாளிக்கு நிறுத்தப்பட்ட உதவித்தொகையைத் திரும்ப வாங்கிக் கொடுத்த மாணவரிடம், உனக்கு வாதத்திறன் இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூன்றாவது, மினி-பியூப்பிலேஜ்: சில நாள் ஒரு பாரிஸ்டரின் பின்னால் போய் வேலையைப் பார்ப்பது. இரண்டு மூன்று போதும். ஏழெட்டு சேர்ப்பது சேகரிப்பு மோகம்.

இவற்றை எழுதும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு மாதிரியைப் பாருங்கள். “நான் சிறுவயதிலிருந்தே நீதியின்மீது தீராத ஆர்வம் கொண்டவள். பல மூட்டிங் போட்டிகளில் பங்கேற்று என் வாதத்திறனை மெருகேற்றியுள்ளேன்.” இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் சேர்த்து ஒரு மதிப்பெண் கூட விழாது, எல்லோரும் இதையேதான் எழுதுகிறார்கள். இதே பெண் இப்படி எழுதியிருந்தால்: “இரண்டாம் ஆண்டில் பல்கலைக்கழக மூட்டிங் இறுதிச் சுற்றில், எதிர்த்தரப்பு நம்பியிருந்த தீர்ப்பு வேறு சட்டப் பிரிவைச் சார்ந்தது என்று காட்டினேன். நீதிபதி ஏற்கவில்லை. உடனே இரண்டாவது வாதத்துக்கு மாறினேன், அதில் வென்றோம்.” தோற்றதும் இருக்கிறது, மாற்றிக்கொண்டதும் இருக்கிறது. வாசிப்பவர் இந்தப் பெண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்று நினைப்பார். அவள் எங்கே படித்தாள் என்பது அப்போது இரண்டாம் பட்சம்.

இரண்டாவது பெயர்

பதினெட்டு வயதில் கிடைக்காத பெயரை இருபத்தொன்றில் சேர்த்துக்கொள்ளலாம். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கீயர் ஸ்டார்மர் நல்ல உதாரணம். கருவி செய்யும் தொழிலாளியின் மகன். 1985-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முதல் வகுப்பு. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பி.சி.எல். முதுகலை. 1987-இல் மிடில் டெம்பிள் வழியாகப் பாருக்கு வந்தார். முதல் பட்டம் லீட்ஸ் என்பது எங்கும் குறுக்கே நிற்கவில்லை.

பி.சி.எல். அல்லது கேம்பிரிட்ஜ் எல்.எல்.எம். கமர்ஷியல், சான்சரி சேம்பர்களுக்குக் குறிவைப்பவருக்குப் பயன் தரும். கிரிமினல் பாருக்குப் போகிறவருக்கு அந்த ஓராண்டும் அந்தப் பணமும் வீண். எங்கேயோ ஒரு எல்.எல்.எம். சேர்த்துவிட்டால் இளங்கலையின் டூ-டூ மறைந்துவிடும் என்று நம்பிச் சேருவோர் உண்டு. மறையாது. வாசிப்பவர் இரண்டு வரிகளையும் பார்ப்பார்.

சட்டம்தான் படித்தாக வேண்டும் என்றும் இல்லை. லார்ட் சம்ப்ஷன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது வரலாறு. பாரிஸ்டராகவே இருந்து, நேரடியாக 2012-இல் உச்சநீதிமன்ற நீதிபதி ஆனார். உங்களுக்குச் சட்டத்தைவிட வரலாற்றிலோ கணிதத்திலோ முதல் வகுப்பு எளிதாக வரும் என்றால் அதையே படியுங்கள். மாற்றுப் படிப்புக்கு ஓராண்டு கூடுதல் செலவு ஆகும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

பார் கோர்ஸ் எங்கே படிப்பது என்பதற்கு மூன்று வரி போதும். சிவில், கிரிமினல் நடைமுறைத் தாள்களை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டே நடத்துகிறது. சேம்பர்கள் பார்ப்பது உங்கள் மதிப்பெண்ணை, நிறுவனத்தை அல்ல. கட்டணம் இடத்துக்கு இடம் சுமார் 12,000 முதல் 20,000 பவுண்டு வரை மாறுவதால், மலிவானதைத் தேடுவதில் தப்பே இல்லை.

ஆனால் அந்தக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டும் முன் இன்களின் ஸ்காலர்ஷிப்பைக் கேளுங்கள். நான்கு இன்களும் சேர்ந்து ஆண்டுதோறும் பல மில்லியன் பவுண்டு கொடுக்கின்றன. ஒரே ஒரு இன்னிடம்தான் விண்ணப்பிக்க முடியும். பார் கோர்ஸ் தொடங்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் நவம்பர் தொடக்கத்திலேயே கடைசித் தேதி வந்துவிடும். இறுதியாண்டு மாணவர்கள் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். மிடில் டெம்பிள் விண்ணப்பித்த அனைவரையும் நேர்முகத்துக்கு அழைக்கிறது. காகிதத்தில் பெயர் சிறிதாகத் தெரியும் பிள்ளைகள் நேரில் பேசி ஜெயிக்க அது நல்ல இடம். அங்கே ஸ்காலர்ஷிப் கிடைத்தால், பியூப்பிலேஜ் விண்ணப்பத்தில் அது பல்கலைக்கழகப் பெயருக்கு ஈடாக நிற்கும். கிடைக்காவிட்டாலும் அதுவே ஒரு தகவல். பணம் கட்டும் முன் ஓராண்டு பொறுத்து, விண்ணப்பத்தைப் பலப்படுத்தி, மறுபடி கேட்கலாம்.

நிறமும் பெயரும்

இன்னொரு பெயரைப் பற்றியும் பேசியாக வேண்டும், உங்கள் சொந்தப் பெயர். பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே பட்ட வகுப்பும் ஒரே பார் கோர்ஸ் தரமும் வைத்திருந்தாலும், வெள்ளையர் அல்லாத விண்ணப்பதாரர்களுக்குப் பியூப்பிலேஜ் கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்று கண்டது. எனவே நம் பிள்ளைகளில் சிலர், அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒரு பெரிய கல்லூரிப் பெயர் வேண்டும் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அதை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய இடத்தில் அனுமதி கிடைத்து, உள்நாட்டு மாணவர் கட்டணமும் அரசுக் கடனும் உண்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். உள்நாட்டு மாணவருக்கு ஆக்ஸ்ஃபோர்டுக்கும் வேறு பல்கலைக்கழகத்துக்கும் கட்டணம் ஒன்றுதான். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வெளிநாட்டு மாணவராக வருபவருக்கு அந்தக் கட்டணம் பல மடங்கு. அவர் வீட்டை அடகு வைத்துப் பெயர் வாங்குவது, பியூப்பிலேஜ் நிச்சயம் என்ற நம்பிக்கையில் என்றால், வேண்டாம் என்பேன்.

ஊர் திரும்புபவர்களுக்கு

இங்கிலாந்தில் தொழில் செய்யப் போவதில்லை என்றால் கணக்கே வேறு. அப்போது பல்கலைக்கழகத்தின் பெயர் கௌரவம் அல்ல, விதி.

சிங்கப்பூர் இதில் மிகக் கறார். 2015-இல் அங்கே ஏற்கப்படும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் பட்டியலை 19-இலிருந்து 11-ஆகக் குறைத்தார்கள்; 2016-இலிருந்து சேர்ந்தவர்களுக்கு அது பொருந்தும். லீட்ஸ், மான்செஸ்டர், ஷெஃபீல்டு, சவுத்தாம்ப்டன், எக்ஸெட்டர், லெஸ்டர், லிவர்பூல், சோயாஸ் ஆகியவை வெளியே போயின. லண்டனில் நல்ல சேம்பர் ஒன்று மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளும் மான்செஸ்டர் ஃபர்ஸ்ட், சிங்கப்பூரில் வக்கீலாகப் பதிவு செய்ய உதவாமல் போகலாம். படிவம் நிரப்பும் முன் சிங்கப்பூர்ச் சட்ட அமைச்சின் பட்டியலைப் பாருங்கள்.

மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டம் இங்கிலாந்து பாரிஸ்டரைத் தகுதியுள்ளவராக ஏற்கிறது. லண்டனில் பாருக்கு அழைக்கப்பட்டதும் பியூப்பிலேஜுக்குக் காத்திராமல் திரும்பி, அங்கே சேம்பரிங் என்ற ஒன்பது மாதப் பயிற்சி செய்பவர்கள் அதனால்தான் இத்தனை பேர். பாருக்குப் போகாமல் சி.எல்.பி. என்ற மலேசிய வக்கீல் தகுதித் தேர்வு எழுத நினைப்பவர், தன் பட்டம் அங்குள்ள தகுதி வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று சேரும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்தியாவுக்குத் திரும்புபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பாரிஸ்டர் என்ற தகுதியை வைத்து மட்டும் பதிவு செய்ய அனுமதிப்பது 1976 டிசம்பர் 31-க்குள் அழைக்கப்பட்டவர்களுக்குத்தான். இன்று பார்க்கப்படுவது உங்கள் சட்டப் பட்டம். அந்தப் பல்கலைக்கழகத்தை இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்திருக்க வேண்டும். அதன் தகுதித் தேர்வையும் எழுத வேண்டும். லிங்கன்ஸ் இன்னில் அழைக்கப்பட்ட சான்றிதழைச் சட்டகம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். சென்னை உயர்நீதிமன்றத்தில் வக்காலத்து போட அது உதவாது.